பார்த்ததாகத் தலையாட்டிய கடல்

கல்யாணமாகி ஒன்பதாம் நாள், ஸ்ரீவில்லிபுத்தூரில் என் கணவருடைய அக்கா வீட்டுக்கு விருந்துக்குப் போயிருந்தோம். அவரை நான் மதினி என்று கூப்பிட வேண்டும். அன்றைக்கு அந்த ஒரு வார்த்தைகூட என் வாயிலிருந்து வரவில்லை. இலையில் பால்கோவாவை வைத்துவிட்டு மதினி கேட்டார்.

“ஏட்டி, திருச்செந்தூரு போயிருக்கியா? கடல் பாத்திருக்கியா?”

நான் பார்த்ததில்லை. இல்லை என்று சொன்னால் ஏன் என்று அடுத்த கேள்வி வரும். அதற்குப் பதில் சொல்வதற்குள் பந்தியில் இருக்கிற பத்துப் பேரும் திரும்பி என் முகத்தைப் பார்ப்பார்கள். தலையை மேலும் கீழும் ஒரு தடவை ஆட்டிவிட்டால் கேள்வி அதோடு முடிந்துவிடும். ஆட்டினேன். பால்கோவாவைத் தின்றேன்.

மறு வருஷமே வேன் வைத்துக்கொண்டு குடும்பம் மொத்தமும் திருச்செந்தூர் கிளம்பியது. ராஜபாளையத்தில் எங்கள் வீட்டில் மாமியார் படுக்கையில் இருந்தார். யாராவது ஓர் ஆள் நிற்க வேண்டும். மதினி யோசிக்கவே இல்லை. “அவ நிக்கட்டும். அவதான் கடல் பாத்திருக்காள்ல” என்றார். எல்லாருக்கும் அது நியாயமாகப் பட்டது. எனக்கே நியாயமாகத்தான் பட்டது. மாமியாருக்குக் கஞ்சியும் நாய்க்குச் சோறும் வைத்துவிட்டு வாசலைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன். இரண்டு பேரில் நாய்தான் வாலை ஆட்டியது.

அதற்குப் பிறகு மொட்டை, காதுகுத்து, சஷ்டி என்று எத்தனையோ தடவை வேன் போனது. ஒவ்வொரு தடவையும் நான் கடல் பார்த்தவளாகவே வீட்டில் நின்றேன். திரும்பி வந்தவர்கள் ஈரத் துணியை என்னிடம் கொடுத்துவிட்டு, “ஒனக்குத் தெரியாததா, அலை ஒரே ஆட்டம்” என்பார்கள். தெருப் பிள்ளைகள் யாராவது கடல் எப்படி இருக்கும் என்று கேட்டால், “பெருசா இருக்கும்” என்று சொல்லுவேன். அது தப்பு என்று இதுவரை ஒருத்தரும் சொன்னதில்லை.

நாற்பத்தாறு வருஷம் ஓடிவிட்டது. மாமியார் போனார். என் வீட்டுக்காரர் போனார். நாயும் நாலு மாறியது. தனியாகப் பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வந்திருக்கலாமே என்று படிக்கிறவர்கள் நினைப்பீர்கள். பஸ்ஸில் நூறு பேர் இருப்பார்கள். கண்டக்டர் எங்கே போகணும் என்று கேட்பார். நான் சத்தமாகச் சொல்ல வேண்டும். அது கிடக்கட்டும், போன விஷயம் மதினிக்குத் தெரிந்தால், பார்த்த கடலைப் பார்க்க எதுக்குட்டி தனியாப் போனே என்று கேட்பார். அதற்கு எதை ஆட்டுவது?

போன தை மாதம்தான் ஒரு வழி தெரிந்தது. மதினி போன் போட்டு, அமாவாசைக்கு அவர் தெருப் பெண்கள் மலைக்கோயிலுக்கு நடந்து ஏறுகிறார்கள், நீயும் வா என்றார். வத்திராயிருப்புக்கு மேற்கே இருக்கிற மலை. பக்கத்து ஊரான கூமாப்பட்டி செல்போன் வீடியோவில் பேரெடுத்ததில் இருந்து அந்தப் பக்கம் எந்நாளும் கூட்டம்தான். கோயில் முக்கால் மலையில் இருக்கிறது. அதற்கும் மேலே ஒரு மணி நேரம் ஏறினால் உச்சிப் பாறை. வானம் தெளிந்த நாளில் அங்கே நின்றால் தென்கிழக்கே கடல் கோடு மாதிரி தெரியும் என்று ஊரில் சொல்வார்கள். 

யாருக்கும் தெரியாமல் அந்தக் கோட்டை ஒரு தடவை பார்த்துவிட்டால் போதும். நான் சொன்னது உண்மையாகிவிடும், நாற்பத்தாறு வருஷம் பிந்தினாலும். சாவதற்குள் ஒரு பொய்யாவது குறையும். ஆனால் மதினியின் திட்டம் கோயில் மட்டும்தான். சாமி கும்பிட்டு, அன்னதானத்தில் சாப்பிட்டு, இறங்கிவிட வேண்டும். உச்சிப் பாறைக்குப் போகலாமா மதினி என்று கேட்க எனக்குப் பத்து நாள் இருந்தது. பத்து நாளும் கேட்கவில்லை.

எங்கள் பக்கம் பெண்கள் கூட்டமாக மலை ஏறினால் எல்லாரும் ஒரே சேலை கட்டுவது வழக்கம். கூட்டத்தில் ஆள் தவறாது. மதினி ஸ்ரீவில்லிபுத்தூர் கடையில் பன்னிரண்டு சேலை எடுத்திருந்தார். மயில் கழுத்து நிறம், மாம்பழ மஞ்சள் கரை. “இந்த டிசைன்ல இம்புட்டுத்தான் வந்துச்சு, வேற எங்கயும் கெடைக்காதுன்னு கடைக்காரரு சாமி மேல சத்தியம் பண்ணாரு” என்று மதினி பெருமைப்பட்டார். எந்தச் சாமி என்று கேட்டிருக்க வேண்டும்.

அடிவாரத்துக்கு விடிந்து ஆறரைக்குப் போய்விட்டோம். கான்சாபுரம் தாண்டியதும் வேனுக்குள் குளிர் அடித்தது. வாசலில் வனத்துறை ஆட்கள் பையைத் திறந்து பிளாஸ்டிக் இருக்கிறதா என்று பார்த்தார்கள். மதினியின் பிஸ்கட் பாக்கெட்டை எடுத்து வைத்துவிட்டார்கள்.

“கவர வச்சுக்கிட்டு பிஸ்கட்டக் குடுங்கய்யா.”

“எதுல கொண்டு போவீங்கம்மா?”

“மடியில கட்டிட்டுப் போறேன். ஒமக்கென்ன?”

அப்படியே கட்டிக்கொண்டார். எழுபத்திரண்டு வயது. எனக்கு ஒளிந்துகொள்ள இடம் இல்லை.

வாசல் தாண்டியதும் மலை இரண்டாகப் பிளந்து வழிவிட்டது போல இருக்கும். இரண்டு பக்கமும் பாறைச் சுவர், நடுவில் ஓடை, ஓடையை ஒட்டிப் பாதை. பாதை என்பது மரியாதைக்குச் சொல்கிற வார்த்தை. லாரியில் கல் கொண்டுவந்த யாரோ கூலித் தகராறில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டுப் போனது போலத்தான் இருந்தது. ஒரு கல்லும் அடுத்த கல்லும் ஒரே உயரத்தில் இல்லை. சாமி இவ்வளவு மேலே போய் உட்கார்ந்தது யாரும் வந்து தொந்தரவு பண்ண வேண்டாம் என்றுதான் என எனக்கு அரை மணி நேரத்தில் புரிந்துவிட்டது. மற்றவர்களுக்குப் புரியவில்லை. அரோகரா சொல்லிக்கொண்டே ஏறினார்கள்.

எனக்கு நடக்கும்போது தரையைப் பார்த்துத்தான் பழக்கம். முகத்தைப் பார்த்தால் பேச வேண்டி வரும். ஆகவே எனக்கு முன்னால் போகிற மஞ்சள் கரையை மட்டும் பார்த்துக்கொண்டு ஏறினேன். கரை நின்றால் நின்றேன், நடந்தால் நடந்தேன். ஓடையைக் கடக்கிற இடத்தில் கூட்டம் நெருக்கியது. அந்தப் பக்கம் ஏறியதும் மஞ்சள் கரையைத் தேடிப் பிடித்துப் பின்னால் ஒட்டிக்கொண்டேன். பிறகு செங்குத்தாக ஒரு வழுக்குப் பாறை. மேலேயிருந்து ஒரு கை நீண்டு வந்து என்னைத் தூக்கிவிட்டது.

“மெதுவா, கையப் புடிங்க ஆச்சி. இடது காலத் தூக்கி வைங்க. அம்புட்டுத்தான்.”

எங்கள் கூட்டத்தில் என்னை ஆச்சி என்று கூப்பிடுகிறவர்கள் இல்லை. நிமிர்ந்து பார்த்தேன். பார்க்காத முகம். ஐம்பது வயதிருக்கும், வெற்றிலை போட்டுச் சிவந்த வாய். சுற்றிலும் பார்த்தேன். பத்துப் பதினோரு பெண்கள், எல்லாரும் மயில் கழுத்து நிறம், மாம்பழ மஞ்சள் கரை. ஒருத்தியைக்கூட எனக்குத் தெரியாது.

நியாயமாக அப்போதே சொல்லியிருக்க வேண்டும். அம்மா, நான் உங்க கூட்டம் இல்லை என்று ஐந்து வார்த்தை. அதற்குள் அந்தப் பெண், “நீங்க யாரு வீட்டு ஆளு ஆச்சி? வேன்ல பாக்கலியே. பின்னாடி சீட்டுல உக்காந்து வந்தீங்களோ?” என்று கேட்டார். பழைய புத்தி எங்கே போகும்? தலையை ஆட்டிவிட்டேன்.

அவர்கள் ஆலங்குளத்துக்காரர்கள். பேச்சில் இருந்து தெரிந்துகொண்டேன். ஒரே கடையில் சேலை எடுத்திருக்கிறார்கள். கடைக்காரர் அவர்களிடமும் சத்தியம் பண்ணியிருக்கிறார்.

மதினி முன்னால் போனாரா, பின்னால் வருகிறாரா என்று தெரியவில்லை. என் போனும் அவர் பையில்தான் இருந்தது. நான் பேசுவதில்லை என்று, வெளியே போனால் அவர்தான் வாங்கி வைத்துக்கொள்வார். எப்படியும் கோயிலில் பார்த்துக்கொள்ளலாம், எல்லாரும் அங்கேதானே போகிறோம் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். அப்புறம்தான் வெற்றிலைக்காரப் பெண் பின்னால் திரும்பிக் கத்தினார். “ஏட்டி, வெரசா வாங்க. கோயில்ல கும்பிட்டுட்டு ஒடனே உச்சிப் பாறைக்கு ஏறணும். பன்னெண்டு மணிக்கு மேல விட மாட்டாவ.”

என் கால் தானாக வேகம் பிடித்தது.

நடுவழியில் எனக்கு ஒரு சங்கடம் வந்தது. காலையில் காப்பி குடித்தது தப்பு. ஆண்களுக்கு மலை முழுக்கத் திறந்து கிடக்கிறது, ஆளுக்கொரு மரம். எங்களுக்கு ஒன்றும் இல்லை. அடக்கிக்கொண்டே நடந்தேன். வெற்றிலைக்காரப் பெண் என் நடையைப் பார்த்துவிட்டார்.

“என்ன ஆச்சி, வாத்து மாதிரி போறீங்க? வருதா?”

நான் மலையைப் பார்த்தேன்.

“அட, சொன்னாத்தான தெரியும்! ஏட்டி, எல்லாரும் வாங்க. சுத்தி நில்லுங்க.”

பதினோரு பேரும் ஒரு பாறைக்குப் பின்னால் எனக்கு முதுகைக் காட்டி வட்டமாக நின்று முந்தானையை விரித்துப் பிடித்தார்கள். மயில் கழுத்து நிறத்தில் ஒரு கூடாரம். வெளியே ஆண்கள் அரோகரா சொல்லிப் போகிற சத்தம் கேட்டது. உள்ளே நான். முடிந்ததும் அடுத்த ஆள், அதற்கடுத்த ஆள் என்று எல்லாரும் வரிசையாக உள்ளே வந்தார்கள். இரண்டாவது ஆளுக்கு நானும் முந்தானை பிடித்தேன். மேலே இருக்கிற சாமியைவிட எனக்கு அந்தப் பெண்கள் பேரில்தான் அப்போது பக்தி வந்தது.

கோயிலில் மதினியைத் தேடினேன். உண்மையாகவே தேடினேன். ஒரு சுற்று வந்தேன், அன்னதானக் கூடத்துக்குள் எட்டிப் பார்த்தேன். காணோம். இன்னொரு சுற்று வந்தால் ஒருவேளை கண்டுபிடித்திருப்பேன். அந்த இன்னொரு சுற்றை நான் வரவில்லை. மஞ்சள் கரை மேலே ஏறத் தொடங்கியிருந்தது.

உச்சிப் பாறைக்கு வனத்துறை வாட்சர் ஒருவர் கூட வந்தார். அதற்குமேல் கல்லும் கிடையாது, புல்லைப் பிடித்து ஏற வேண்டியதுதான். என் முட்டி என்னை வைதது. நெஞ்சு இரைத்தது. நாலு தடவை உட்கார்ந்தேன். “ஆச்சிக்கு எவ்வளவு பக்தி பாருங்கட்டி” என்று பின்னால் ஒருத்தி சொன்னாள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. நான் சாமியை நினைத்துப் பத்து நிமிஷம் ஆகியிருந்தது.

மேலே போனதும் காற்று சேலையைப் பறித்தது. கீழே கண்மாய்களும் தென்னந்தோப்புகளும், அதற்கப்பால் காய்ந்த பூமியும் வானம் தொடுகிற வரைக்கும் கிடந்தன. தென்கிழக்கே, தூரத்தில், பூமி முடிகிற இடத்தில் வெள்ளையாக ஒரு கோடு மின்னியது.

“அந்தா! கடல்!” என்று ஒரு பெண் கையைக் காட்டினாள்.

வாட்சர் சிரித்தார். “கடலாம்மா? சோலார் தகடும்மா அது. காடு முழுக்க அதத்தான நட்டு வச்சிருக்காவ.”

“போங்கண்ணே. தகடு அம்புட்டு நீளமாவா இருக்கும்?”

“அப்ப கண்மாயா இருக்கும். இந்த வருசம் மழ நல்லாத்தான பேஞ்சுச்சு.”

வெற்றிலைக்காரப் பெண் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். “எனக்கு என்னமோ எங்க ஊரு சிமெண்டு பேக்டரிப் புகை மாதிரி இருக்கு.”

“ஒனக்கு எதப் பாத்தாலும் பேக்டரிதான். ஒரு நாளு லீவு போட்டு வந்தும் அதயேவா பாக்கே?” என்று பக்கத்தில் இருந்தவள் சொல்ல எல்லாரும் சிரித்தார்கள்.

நான் அந்த வெள்ளைக் கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றேன். கடல் என்று நினைத்துப் பார்த்தால் கடலாக இருந்தது. தகடு என்று நினைத்துப் பார்த்தால் தகடாக இருந்தது. இதைத் தீர்த்துச் சொல்ல வேண்டுமென்றால் முன்னே ஒரு தடவையாவது கடலைப் பார்த்திருக்க வேண்டும். அதைப் பார்க்காததால்தானே இவ்வளவு தூரம் ஏறி வந்தேன்! மலை உச்சியில் நின்றுகொண்டு, நான் செய்த வேலையின் அழகு எனக்கு அப்போதுதான் முழுசாகத் தெரிந்தது.

வெற்றிலைக்காரப் பெண் என் பக்கம் திரும்பினார். “ஆச்சி, வயசுல மூத்தவங்க நீங்க சொல்லுங்க. கடல் பாத்திருப்பீங்கல்ல? அது கடல்தானா?”

பதினோரு முகமும் என்னைப் பார்த்தன. வாட்சரும் பார்த்தார். இந்த மாதிரி நேரத்தில் என் தலை என்ன செய்யும் என்று எனக்கே தெரியும். கொஞ்சம் அசையக்கூடச் செய்தது. ஆனால் கடல்தான் என்று ஆட்டினால் இந்தப் பாவப்பட்ட பெண்கள் ஊருக்குப் போய் எல்லாரிடமும் கடல் பார்த்தோம் என்பார்கள். எனக்கு முந்தானை பிடித்தவர்கள். அவர்கள் வாயில் என் பொய்யை வைக்க மனசு வரவில்லை.

“நான் கடல் பாத்ததில்லம்மா” என்றேன். குரல் காற்றில் போய்விட்டது.

“என்ன ஆச்சி?”

“கடல் பாத்ததில்ல! ஒருக்கக்கூட பாத்ததில்ல!” கத்திவிட்டேன். மலை அதை வாங்கி எதிர்ப் பக்கம் இருந்து திருப்பிச் சொன்னது. “நான் ஒங்க கூட்டமும் இல்லம்மா. ராசபாளையம்.”

 பிறகு வெற்றிலைக்காரப் பெண் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, “அப்ப ஒங்களுக்குப் பதிலா எங்க ஆளு யாரும் தவறிப் போயிட்டாவளா?” என்று விரலை மடக்கி எண்ணிப் பார்த்தார். எண்ணிக்கை சரியாக இருந்ததும்தான் மூச்சு விட்டார்.

இறங்குவது ஏறுவதைவிட மோசம். ஏறும்போது மூச்சுத்தான் போகும், இறங்கும்போது முட்டியே போய்விடுகிறது. பாதித் தூரம் உட்கார்ந்தே நகர்ந்தேன். புதுச் சேலையின் பின்பக்கத்தைப் பற்றி எழுத வேண்டாம். அடிவாரத்தை நெருங்கியபோது மணி நாலு இருக்கும். மைக்கில் யாரோ கத்திக்கொண்டிருந்தார்கள்.

“ராசபாளையத்தில் இருந்து வந்த வயதான அம்மா காணவில்லை. மயில் கழுத்து கலர் சேலை, மஞ்சள் கரை. பேச மாட்டார்கள். பேச மாட்டார்கள்.”

என்னைத்தான். பேச மாட்டார்கள் என்று மதினி சொன்னதை மைக்குக்காரர் வேறு மாதிரி எடுத்துக்கொண்டார் போல. கடைத்தெருவில் என் சேலையைப் பார்த்ததும் சுண்டல்காரர் ஓடி வந்து, கையால் ஜாடை காட்டி, அங்கே, அழுகிறார்கள், போ என்று விரலாலேயே எல்லாம் சொன்னார். இளநீர்க்காரரும் வந்து ஜாடை காட்டினார். பின்னால் இதே சேலையில் இன்னும் பதினோரு பேர் இறங்கி வருவதைப் பார்த்ததும் அவர்கள் குழம்பி, எல்லாருக்கும் ஜாடை காட்டினார்கள்.

“யோவ், ஆச்சி நல்லாப் பேசும்யா! நாங்க மலை உச்சியிலயே கேட்டுட்டோம்!” என்று வெற்றிலைக்காரப் பெண் சத்தம் போட்டார்.

மதினி வாசல் பக்கம் தரையில் உட்கார்ந்திருந்தார். அவர் காலையில் இருந்து தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்று தெருப் பெண்கள் சொன்னார்கள். கோயிலுக்குப் போகவே இல்லையாம். ஓடையில் என்னைக் காணவில்லை என்றதும் அங்கேயே நின்று, வருகிற போகிற மஞ்சள் கரையை எல்லாம் பிடித்து இழுத்துப் பார்த்துவிட்டு, இறங்கி வந்துவிட்டாராம். மடியில் பிஸ்கட் எல்லாம் நொறுங்கித் தூளாகிக் கிடந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து முதுகில் ஓங்கி ஓர் அடி வைத்தார். பிறகு அதே முதுகைக் கட்டிக்கொண்டு அழுதார்.

“எந்தம்பி மேல இருந்து பாத்துக்கிட்டு இருப்பான். ஒன்னத் தொலைச்சுட்டு அவன் மொகத்துல எப்படிட்டி முழிக்க?”

“மதினி...”

“வழி தெரியாமத்தான போனே? கூட்டத்துல மாறித்தான போனே? சொல்லுட்டி. சேலை ஒரே மாதிரி இருக்கவும் ஏமாந்துதான போனே?”

மூன்று கேள்வி. மூன்றுக்கும் ஒரே ஓர் ஆட்டல் போதும். சுற்றி இருந்தவர்களும் ஆமாம் ஆமாம், பாவம் என்று எனக்காகவே தலையாட்டினார்கள். நான் ஆட்டவே வேண்டாம், சும்மா நின்றாலே போதும் என்கிற நிலைமை.

“மொதல்ல ஏமாந்துதான் போனேன் மதினி. பொறவு தெரிஞ்சேதான் போனேன்.”

மதினி அழுகையை நிறுத்தினார்.

“எதுக்கு?”

“மேல இருந்து கடல் தெரியும்னாங்க. நான் கடல் பாத்ததில்ல. அன்னைக்கு விருந்துல நீங்க கேட்டப்ப சும்மா தலைய ஆட்டிட்டேன்.”

எந்த விருந்து என்று அவருக்குப் புரியவே கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் கீழே உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்து, மடியில் இருந்த பிஸ்கட் தூளை அள்ளி வாயில் போட்டு மென்றார். பசி. மென்றுகொண்டே என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“நாப்பத்தாறு வருசமா?”

தலையை ஆட்டினேன். இந்த ஆட்டல் பொய் இல்லை.

“ஒவ்வொரு வாட்டியும் வீட்டுல விட்டுட்டுப் போனப்ப ஒரு வார்த்த சொல்லலியேட்டி. பாவி. என்னையும்லா பாவியாக்கிட்டே.”  ஸ்ரீவில்லிபுத்தூரில் வேனை விட்டு இறங்கும்போது, “வார வெள்ளிக்கெழம காலைல வாரேன். குளிச்சு ரெடியா இரு” என்றார்.

வெள்ளிக்கிழமைக்குள் அவர் விஷயத்தை இரண்டு ஊருக்கும் சொல்லி முடித்திருந்தார். ராஜபாளையத்தில் எங்கள் தெருவில் தண்ணீர் பிடிக்க வருகிறவர்கள் எல்லாம் என்னை நின்று பார்த்தார்கள். சின்னப் பிள்ளையில் என்னிடம் கடலைப் பற்றிக் கேட்ட மளிகைக் கடைக்காரர், “கடல் பாக்காமலயா பெருசா இருக்கும்னு சொன்னீங்க?” என்று கேட்டார். நான் இரண்டு நாள் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தேன்.

திருச்செந்தூரில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் மதினி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார், போலீஸ்காரர் பிடிப்பது போல. கோயிலுக்குள் போகவில்லை. நேரே மணலுக்கு இழுத்துப் போனார். “சாமி எங்கயும் போவாது. மொதல்ல இதப் பாரு.”

பார்த்தேன். மலையில் பார்த்த கோடு இதுதானா என்று மதினி கேட்டார். தெரியவில்லை என்றேன். இரண்டுக்கும் ஒரு சம்பந்தமும் இருப்பதாக எனக்குப் படவில்லை. அது சும்மா கிடந்தது. இது மூச்சு விடாமல் இரைந்துகொண்டே இருந்தது. நான் வாயைத் திறந்தால் எனக்கே கேட்கவில்லை. முட்டி வரைக்கும் ஓர் அலை வந்து அடித்துவிட்டுப் போனது. அடுத்தது இடுப்பு வரைக்கும் வந்தது. மதினி கையை விடவில்லை.

“இம்புட்டுச் சத்தம் போடும்னு ஒருத்தரும் சொல்லலியே மதினி!” என்று கத்தினேன்.

“நீ எங்கட்டி கேட்டே?” என்று மதினியும் கத்தினார்.